கசங்கிய உடுப்பு

இஸ்திரி அக்கா கசங்கிய துணியை உடுத்திக்கொண்டு வாசல் தாண்டியதை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. வானத்தை முட்டும் மாளிகைகளுக்குப் பின்னால், ஒரே குழாய்க்கு எட்டுக் குடும்பம் அடித்துக்கொள்ளும் கட்டடத்தில், தரைத்தளத்தில் ஒற்றை அறை. பாதியை இஸ்திரி மேசை பிடித்துக்கொண்டது, மீதியைக் கட்டில். கட்டிலில் புருஷன். அந்த மாளிகைகளில் ஒன்றுக்குச் சாரம் கட்டும்போது விழுந்தவர். மாளிகை எழும்பிவிட்டது, அவர்தான் எழும்பவில்லை.

"ஒரு தடவை வெளியில போய் வெயில்ல உக்காரணும்டி," என்பார். அதற்கு ஒரு சக்கர நாற்காலி வேண்டும். அவளுக்கு இருந்த ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

இரக்கத்துக்கா அந்த நாட்டில் பஞ்சம்? வாரி வழங்குவதற்கென்றே குளிரூட்டிய மண்டபத்தில் ஒரு சங்கம் நடந்தது. பெரிய மனிதர்கள் முன்னால் பளிச்சென்று போய் நிற்பதுதான் மரியாதை என்று நினைத்தாள், பைத்தியக்காரி. இருந்த ஒரே நல்ல உடுப்பை மடிப்புக் கலையாமல் தேய்த்து உடுத்திக்கொண்டு போனாள்.

சங்கத்துச் செயலாளர் அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களைப் பார்த்தா கஷ்டப்படறவங்க மாதிரியே தெரியலையேம்மா."

"துணி தேய்க்கறதுதாங்க என் தொழிலே."

"இருக்கட்டும். படம் எடுக்கணும்ல? பார்க்கறவங்க மனசு இளக வேணாமா? நாளைக்குக் கொஞ்சம் இயல்பா வாங்க."

இயல்பா! ஏழைக்கு எது இயல்பு என்பதுகூட அந்த அம்மாளுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பை நனைத்து, முறுக்கி, மூலையில் சுருட்டிப் போட்டாள். அவள் கை அப்படி ஒரு வேலையை அதுவரை செய்ததில்லை. புருஷனுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"எனக்காக இது வேணாம்டி."

"சும்மா இருங்க. துணிதானே."

மறுநாள் நாற்காலி கிடைத்தது, படமும் எடுத்தார்கள். செயலாளர் அம்மாளே தன் கையால் அவள் தலைமுடியைக் கலைத்துவிட்டு, கன்னத்தில் கொஞ்சம் கரியும் தடவினார். அவ்வளவு கரிசனம்!

படம் கடைத்தெரு முனையில் ஆளுயரத்துக்கு நின்றது. அடுத்த வாரம் தேய்க்கத் துணி வாங்கப் போனவளை மாளிகை வீட்டுக்காரி வாசலிலேயே மறித்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. உங்க படத்தைப் பார்த்து அழுகையே வந்துடுச்சு. ஆனா இவ்வளவு அழுக்கா இருக்கறவங்க கையில குழந்தைங்க துணியைக் குடுக்க மனசு வரலை."

மற்ற வீடுகளில் அதைச் சொல்லக்கூட யாரும் கதவைத் திறக்கவில்லை.

நாற்காலி என்னவோ நல்ல நாற்காலிதான். புருஷனைத் தினமும் வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு போகிறாள். அவளுக்கு இப்போது வேறு வேலை இல்லை.