ஒன்பதாம் நம்பர் காட்டுக் கல்

1. திங்கட்கிழமை காலை

கல்லுக்கு முன்னால் ஒரு பிடி பச்சைத் தேயிலைக் கொழுந்து கிடந்தது. பக்கத்தில், பலகைத் தரையில், கற்பூரம் எரிந்த கறுப்பு வட்டம். துரை கைத்தடி நுனியால் அந்தக் கறுப்பைத் தொட்டுக் காட்டினார்.

"யார் வச்சது?"

"தெரியலைங்க தொரை."

பொய். எனக்கு நன்றாகத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் கண்ணெதிரேதான் நடந்தது. காலையில் சீக்கிரம் வந்து துடைத்துவிடலாம் என்று மியூசியத்தைப் பூட்டிக்கொண்டு போனேன். மனிதர் எனக்கு முன்னால் வந்து நிற்கிறார்.

"அடுத்த சண்டே இதே மாதிரி இருந்தா கல்லு வெளியே போகும். நீயும் கூடப் போ."

துரை தேயிலைத் தோட்டத்தில் மானேஜராக இருந்து ஓய்ந்த வெள்ளைக்காரர். பொழுதுபோகாமல் குன்னூரில் அந்த மியூசியத்தைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார். தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் தோட்டத்தில் கற்ற தமிழ். 'வா, போ, எடு, வை' என்பதைத் தாண்டி மரியாதை என்று ஒன்று அதில் கிடையாது. கெட்டவர் இல்லை. நெருப்பென்றால் பயம், அவ்வளவுதான். இரண்டு அறையும் மரம், உள்ளே வைக்கோல் அடைத்த மிருகங்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது என்று இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

2. தேங்காயெண்ணெய்

நான் அங்கே அட்டெண்டர். பஜாரில் துணிக்கடை வைத்திருந்த என் தகப்பனார், எங்கள் அத்தா, ஒருதரம் பட்டணம் போய்வந்தவர். "செத்த காலேஜுக்கா வேலைக்குப் போறே?" என்று கேட்டுச் சிரித்தார். பட்டணத்து ஜனங்கள் மியூசியத்துக்கு வைத்த பேராம் அது. இங்கேயும் எல்லாம் செத்தவைதான்: ஒரு காட்டெருமை, ஒரு சிறுத்தை, டிராயர் டிராயராகப் பட்டாம்பூச்சி. மூலையில் இடுப்புயரத்தில் ஒரு கருங்கல். அதன்மேல் ஓர் அட்டை. எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிப் படித்தேன்: 'கல். எஸ்டேட்டில் கிடைத்தது. பயன் தெரியவில்லை.'

மழை மாதம் வந்தால் எங்களுக்கு நாய் படாத பாடு. எதைத் தொட்டாலும் பூசணம். துப்பாக்கிக்கு எண்ணெய், சேணத்துக்கு எண்ணெய், சிறுத்தைக்கு நாப்தலின் உருண்டை. கல்லிலும் பாசி பச்சையாகப் படர்ந்துவிட்டது. அதற்கு என்ன போடுவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன். குன்னூர்க் குளிரில் கட்டிப்போன தேங்காயெண்ணெயைக் கணப்பில் காட்டி உருக்கி, மேலிருந்து கீழ்வரை அழுந்தப் பூசினேன். கல் கறுகறுவென்று மின்னியது. நல்ல வேலை செய்தோம் என்று எனக்கு ஒரே பெருமை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் எஸ்டேட் ஆட்களை உள்ளே விடுவோம். சந்தைக்கு வந்த கொழுந்தெடுக்கும் பெண்கள் நாலைந்து பேர் மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தார்கள். சிறுத்தையைப் பார்த்து ஆளாளுக்குக் கிண்டல். அதில் ஒருத்தி மட்டும் கல்லைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பெயர் மாராயி, முப்பது வயது இருக்கும்.

"ஏனுங்க பாய், எங்க கல்லு இங்கயா இருக்குதுங்க?"

அவர்கள் தோட்டத்தில் ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டின் தலைமாட்டில் நின்றதாம். பாக்டரிக்கு ரோடு வெட்டியபோது பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

"செடிய வெட்டிக் கவாத்து முடிஞ்சு மொதக் கொழுந்து எடுக்கறப்ப மொதப் புடிய கூடையில போடமாட்டமுங்க. இந்தக் கல்லுக்கு வெச்சுட்டுத்தான் மத்ததெல்லாம். மூணு வருசமா வெறும் மண்ணுல வெச்சுட்டு இருக்கறமுங்க." விரலால் கல்லைத் தொட்டு, விரலில் ஒட்டிய எண்ணெயைப் பார்த்தாள். "எண்ணெய்க்காப்பு போட்டு வெச்சிருக்கீங்களே பாய். நீங்க நல்லா இருக்கோணும்."

அவள் கண் நிறைந்துவிட்டது. பூசணத்துக்குப் போட்டேன் அம்மா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு மடியில் கொழுந்தோடும் கற்பூரத்தோடும் வந்தாள். நான் வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அதற்கு மறுநாள்தான் துரையின் கைத்தடி.

3. போட்டது போட்டதுதான்

அந்த வாரம் முழுக்க எனக்கு இதே யோசனைதான். வேலை போனால் அத்தா கடையில் துணி மடிக்கலாம். கல் பின்கட்டுக்குப் போனால்? அங்கே விறகுக்காரன் அதில் கோடாலி தீட்டுவான். அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை அவளை வாசலிலேயே மறித்தேன். "உள்ளே வராதே அம்மா, கல்லையே தூக்கிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் செருமல் சத்தம். துரை! கையும் களவுமாகப் பிடிக்கவென்றே வந்திருக்கிறார்.

"மடியில என்ன?"

"கொழுந்துங்க தொரை."

"கல்லுக்கு எதுக்கு இலை? அது சாமியா?"

மாராயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தலை குனியவில்லை.

"சாமி இல்லீங்க. எங்கய்யனுங்க."

துரை என்னைப் பார்த்தார். எனக்கே அது அப்போதுதான் தெரியும்.

"ஒம்பதாம் நம்பர் அப்பப் பெருங்காடுங்க. தேயிலை வெக்க மரம் வெட்டுனாங்க. எங்கய்யன் மேல மரம் உழுந்துருச்சு. நான் அப்ப ஆத்தா வகுத்துல. புதைச்ச எடத்துல கூட அடுத்த மாசமே செடி வெச்சுட்டாங்க. எங்காத்தாதான் ஆத்துல இருந்து கல்லு எடுத்தாந்து, மரம் உழுந்த எடத்துல நட்டுச்சு. அப்பறம் எல்லாப் பொம்பளைகளும் மொதப் புடிய அங்கதான் வெப்பாங்க. அய்யன் மொகம் நான் பாக்கலீங்க. இதைத்தான் பாத்தனுங்க."

மழை ஓட்டின்மேல் சடசடவென்று கொட்டியது. துரை கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். மரம் வெட்டுகிற இடத்தில் என்னென்ன நடக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியாதா? என் மனசும் கேட்கவில்லை.

"தொரை, எண்ணெய் போட்டது நான்தாங்க. பாசி புடிச்சிருந்துச்சு, பூசணத்துக்குன்னு போட்டேன். அதைப் பாத்துத்தான் இவங்க இங்கே வைக்கலாம்னு நெனச்சிட்டாங்க. தப்பு என் மேலதான்."

மாராயி திரும்பினாள். "பூசணத்துக்கா பாய் போட்டீங்க?"

தலையை ஆட்டினேன்.

அவள் உள்ளே எட்டிக் கல்லைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "போட்டது போட்டதுதானுங்களே. மழையில நனைஞ்சு கெடந்த மனுசனுக்கு நீங்கதான எண்ணெய் வெச்சீங்க."

துரை உள்ளே போய்க் கோட்டுப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். கல்மேல் இருந்த அட்டையைத் திருப்பிப் பிடித்தார்.

"அப்பா பேர் என்ன? மெதுவா சொல்லு."

4. அட்டை

கற்பூரம் கூடாது. எண்ணெய் இனிமேல் கூடாது. கொழுந்து வைக்கலாம், தட்டில். சாயங்காலம் நான் எடுத்துவிட வேண்டும். இதுதான் துரையின் உத்தரவு. இங்கிலீஷ் அட்டையை அவர் எழுதினார். "எனக்குத் தமிழ் எழுத வராது. நீ எழுது" என்று என்னிடம் இன்னொன்றைக் கொடுத்தார். அந்த மியூசியத்தில் முதல் தமிழ் அட்டை அதுதான். மூன்று தரம் எழுதிக் கிழித்து, நாலாவதை வைத்தேன்.

பஜாரில் 'கல்லுக்கு எண்ணெய் பூசின பாய்' என்று எனக்குப் பட்டமே வைத்துவிட்டார்கள். போகட்டும்.

பிறகு நெடுங்காலம் மியூசியங்களிலேயே என் பிழைப்பு ஓடியது. பெரிய பெரிய படிப்பாளிகளைப் பார்த்துவிட்டேன். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு சாமானுக்குப் 'பயன் தெரியவில்லை' என்று எழுதத் தோன்றினால் பேனாவை மூடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் போய் நில்லுங்கள். மழைக்கு ஒதுங்குகிறவர்களையும் உள்ளே விடுங்கள்.

அட்டை வைத்த வாரம் மாராயி வந்தாள். எழுத்து தெரியாது, "என்ன போட்டிருக்குதுங்க, படிங்க பாய்" என்றாள். படித்தேன்.

'காளியப்பன். ஒன்பதாம் நம்பர் காட்டில் தேயிலை வைக்க மரம் வெட்டும்போது இறந்தவர். அவர் மனைவி நட்ட கல். முதல் கொழுந்து இவருக்கு வைப்பது வழக்கம். சொன்னவர்: மகள் மாராயி.'

"எம் பேருமாங்க?"

"உன் பேரும்தான் அம்மா. இதோ, இந்த எடத்துல."

நான் காட்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டாள். எடுக்கவே இல்லை.

"இன்னொருக்காப் படிங்க பாய்," என்றாள். "மெதுவாப் படிங்க. எங்காத்தாகிட்டப் போயி அப்படியே சொல்லோணும்."