எண்ணெய் பூசிய இருபது ரிவால்வர்கள்

தாராவியில் எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் மெக்கானிக்கல் டிப்ளமோவும் முடித்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. அம்பர்நாத் பக்கம் ரிவால்வர் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் பரிசோதனை மேஜைக்கு என்னை எடுத்தபோது, எனக்கென்று ஒரு முத்திரை கொடுத்தார்கள். விரல் நீள எஃகுக் கம்பி, நுனியில் பதினேழு என்ற எண். நான் சரியென்று விட்ட துப்பாக்கியில், கைப்பிடியின் மரம் மறைக்கும் இடத்தில், அதை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவேன்.

குண்டுகள் உட்காரும் சிலிண்டர் தடையில்லாமல் சுழல வேண்டும். ஆனால் முன்னும் பின்னும் ஆடக் கூடாது. அதை முன்னே தள்ளி, குழலுக்கும் அதற்கும் நடுவே மெல்லிய அளவுத் தகடுகளை விட்டுப் பார்ப்பேன். பின்னே தள்ளி இன்னொரு முறை பார்ப்பேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆட்டம்.

அந்த மழைக்காலத்தில் இரண்டு நாள் தண்டவாளம் தண்ணீருக்குள் கிடந்தது. சயானிலிருந்து வண்டியே இல்லை. மூன்றாம் நாள் போனபோது என் மேஜையில் இருபது துப்பாக்கிகள் காத்திருந்தன. ஈரத்தில் துருப்பிடித்துவிடும் என்று, பக்கத்திலிருந்து நடந்தே வேலைக்கு வந்தவர்கள் எல்லாவற்றையும் கெட்டியான எண்ணெயில் முக்கி வைத்திருந்தார்கள். வழக்கமாக அந்த எண்ணெய் என் சோதனைக்குப் பிறகுதான். நான் வெளியே மட்டும் துடைத்துவிட்டு அளந்தேன். இருபதும் அளவுக்குள் நின்றன. மதியத்துக்குள் இருபதிலும் முத்திரை அடித்துவிட்டு, என் வேகத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் சுட்டுப் பார்க்கும் அறையிலிருந்து ஒன்று திரும்பி வந்தது. பொருத்தும் பிரிவில் இருப்பவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், அதைக் கொண்டுவந்து என் காதருகே ஆட்டினார். டக் டக் என்றது. அவர் அம்பர்நாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். என்னைச் சீண்டாமல் அவருக்குப் பொழுது போகாது.

"இன்ஸ்பெக்டரம்மா, இது துப்பாக்கியா, கிலுகிலுப்பையா?"

"நேத்து ஆடலண்ணே. அளந்து எழுதியிருக்கேன்."

"ஓகோ. எழுதிட்டா ஆடாதா?"

அந்த இருபதில் இன்னும் சுட்டுப் பார்க்காத ஒன்றை எடுத்து அளந்தேன். நேற்றைய அளவேதான் வந்தது. அதை மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் உலர்த்தி மறுபடி அளந்தேன். ஆட்டம் இரண்டு மடங்கானது. உள்ளே இறங்கியிருந்த எண்ணெய் சிலிண்டரை முழுக்க நகரவிடாமல் பிடித்து வைத்திருந்திருக்கிறது. திரும்பி வந்த துப்பாக்கியில், சுட்ட சூட்டில் அது இளகி ஓடிவிட்டது.

முத்திரை அடித்த துப்பாக்கியைத் தவறிவிட்டது என்று திருப்பிக் கேட்பவரிடமிருந்து முத்திரையை வாங்கிவிடுவது எங்கள் தொழிற்சாலை வழக்கம். எனக்கு முன்னால் அப்படிக் கொடுத்த ஒருவருக்கு அது திரும்பக் கிடைக்கவே இல்லை. இப்போது அவர் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறார்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "வந்தது ஒண்ணுதானே. உள்ள ஒரு வாஷர் போட்டுத் தர்றேன், காம் கதம், வேலை முடிஞ்சுது. மத்ததைக் கிளறாதீங்க. சூப்பர்வைசர் சாப்கிட்ட போனா ஸ்டாம்பு போயிரும்."

"மத்ததும் ஆடும்ணே."

"ஆடினா திரும்பி வரும்."

"யார்கிட்ட இருந்து? வாங்கினவங்ககிட்ட இருந்தா?"

அவர் துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். எத்தனை என்று இந்தியில் கேட்டார். இருபதும் என்றேன். திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினார். நான் முத்திரையைக் கொடுத்தேன்.

அன்று வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்.

"ஏட்டி, ஒருத்தருக்கும் தெரியாதத நீயா போயிச் சொன்னியா?"

"ஆமா."

"வேலைய விட்டு அனுப்புவாவளா?"

"இல்ல. முத்திரைய மட்டும் வாங்கிட்டாவ."

"பொறவு என்ன, சோத்தத் தின்னு."



இருபதையும் கழுவி அளந்ததில், திரும்பி வந்ததையும் சேர்த்து ஏழு தேறவில்லை. சிலிண்டருக்குள் தாள் போன்ற எஃகு வாஷர் போட வேண்டும். தடிமன் கொஞ்சம் கூடினால் இறுகிச் சுழலாது, குறைந்தால் ஆட்டம் மிஞ்சும். நான் அளந்து சொல்ல, அண்ணன் வாஷர் தேர்ந்து போட்டார். ஒவ்வொன்றையும் சுழற்றிப் பார்த்துவிட்டு, "ம், எழுதிக்கோங்க" என்றார். அப்போதும் சீண்டல்தான். ஆனால் இதற்கு ஆன இரண்டு நாளும் தன் வேலையை ஒதுக்கிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சரிசெய்த ஏழிலும் என் எண்ணின் குறுக்கே ஒரு கோடு வெட்டி, பக்கத்தில் இன்னொரு பரிசோதகர் தன் எண்ணை அடித்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கழுவி உலர்த்திய பிறகே அளக்க வேண்டும் என்று இந்தியில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டினேன். மழை முடிவதற்குள் மேற்பார்வையாளர் முத்திரையைத் திருப்பித் தர என்னைக் கூப்பிட்டார். ஏழு துப்பாக்கிகளில் கோடு விழுந்த எண் அது, புதிதாக வேறு எண் தருகிறேன் என்றார். எனக்குப் பதினேழே போதும் என்றேன். அவர் இழுப்பறையைத் திறந்து அதைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.