கோழிக்கு நோய் சொன்ன பெட்டி

எண்பதுகளின் நடுவில் ஒருநாள், என் கணவர் கோழி மருந்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். நான் நாமக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அன்று பள்ளி விடுமுறை. இல்லாவிட்டால் சாயங்காலம்தான் எனக்குத் தெரிந்திருக்கும்.

"ஏனுங்க, இனி என்ன பண்றதா உத்தேசம்?" என்றேன்.

"பொட்டிக்குப் புத்தி சொல்லிக் குடுக்கலாம் அம்மணி. நீயும் நானுமா."

பெட்டி என்பது என் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர். பார்த்தால் டைப்ரைட்டரை மிதித்துத் தட்டையாக்கியது போல இருக்கும். டி.வி.யோடு இணைத்தால் எழுத்து வரும். டேப்ரெக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டால் புரோகிராம் ஏறும். கூட வந்த புத்தகத்தைப் படித்து, எங்கள் பள்ளிக்கு வகுப்பு அட்டவணை போட அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். தலைமையாசிரியர் அட்டவணையை வாங்கிப் பார்த்துவிட்டு, தமிழ் டீச்சர் ஒரே மணி நேரத்தில் இரண்டு வகுப்பில் இருக்க வேண்டியிருக்கிறதே என்று மட்டும் கேட்டார். மற்றபடி நல்ல அட்டவணை.

என் கணவரின் யோசனை இதுதான். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் உள்ள பண்ணைகளுக்கெல்லாம் அவர் மொபெட்டில் போய்வந்தவர். எங்கே கோழி சாய்ந்தாலும் அவர் கேட்பது அதே பத்து இருபது கேள்விகள். பதில்களைச் சேர்த்துப் பார்த்தால் நோய் என்னவென்று தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு அவரால் நாலு பண்ணைக்குத்தான் போக முடியும். அந்தக் கேள்விகளைப் பெட்டியே கேட்டால்? இன்றைக்கு இதைச் செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். கம்பெனி ஆரம்பித்தவர்கள் மேடையேறித் தங்கள் கஷ்டங்களைச் சொல்கிறார்கள். எங்களை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. எங்கள் கம்பெனி படுக்கையறையில் இருந்தது.

மருந்து விற்றவரின் அறிவு மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றியது. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவரிடம் நோட்டும் பேனாவுமாகப் போனேன். பொறுமையான மனிதர்.

"வெள்ளைக் கழிச்சல் நோய்னு எதை வெச்சுங்க சொல்றீங்க?"

"பாத்தாத் தெரியுமுங்க."

"என்ன பாத்தாங்க?"

"கோழி நிக்கறதைப் பாத்தா."

"எப்படி நிக்கும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு எழுந்து, மேஜைக்கு முன்னால் வந்து, தோள்களைத் தளரவிட்டு, கழுத்தைப் பக்கவாட்டில் முறுக்கி, கண்ணைப் பாதி மூடி நின்றார். வாசலில் எருமையோடு காத்திருந்தவர் எட்டிப் பார்த்தார். 'கழுத்து முறுக்கிக்கொள்கிறதா? இறக்கை தொங்குகிறதா?' என்று நான் எழுதிக்கொண்டேன். நாலு சனிக்கிழமைகளில் டாக்டர் ஆறு நோய்களாக நின்று காட்டினார். சளி நோய்க்கு அவர் மூச்சு இழுத்தது எனக்கே பயமாக இருந்தது.

அந்தப் பெட்டியில் தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்தில் தமிழைப் போட்டோம். அதைப் பண்ணைக்காரர்களால் படிக்க முடியவில்லை. முதல் இரண்டு வார்த்தைக்கு மேல் என் கணவராலும் முடியவில்லை. ஆகவே நான் படிப்பேன், அவர்கள் பதில் சொல்வார்கள், நான் தட்டுவேன். இதனால் எல்லோரும் என்னைத்தான் டாக்டர் என்று நினைத்தார்கள். டி.வி. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வைத்தியத்தின்போது பொழுதுபோக என்று எண்ணியிருக்கலாம்.

பண்ணைகளுக்கு முட்டை வேனில் போனோம். காலி முட்டை அட்டைகள் மேல் டி.வி.யைப் போர்வையில் சுற்றி வைப்போம். புரோகிராம் ஏற ஐந்து நிமிஷம் ஆகும். நாலாவது நிமிஷத்தில் கரண்ட் போகும். வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிப்போம். அதற்குள் பண்ணைக்காரர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்.

அவர் திரும்பி வந்தாலும் அடுத்த சிக்கல் இருந்தது. பெட்டிக்கு 'ஆமாம்', 'இல்லை' இரண்டுதான் தெரியும்.

"கோழி தீனி எடுக்குதுங்களா?"

"கொஞ்சம் எடுக்குதுங்க."

"தண்ணி குடிக்குதுங்களா?"

"கொஞ்சம்."

"கழிச்சல் வெள்ளையா இருக்குதுங்களா?"

"கொஞ்சம் வெள்ளைதாங்க."

எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் எதையும் முழுசாக ஒப்புக்கொள்வதில்லை என்பது புரோகிராம் எழுதும்போது என் ஞாபகத்துக்கு வரவில்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து 'கொஞ்சம்' என்ற பதிலுக்கு இடம் செய்தேன். அதன் பிறகு பெட்டியும் 'கொஞ்சம் வெள்ளைக் கழிச்சல்' என்று சொல்ல ஆரம்பித்தது. அதற்கு என்ன மருந்து என்று கேட்டால் என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தானே பதில் சொல்வார்.

ஆனாலும் பெட்டி தேறிவந்தது. ஏழெட்டுப் பண்ணைகளில் டாக்டர் சொன்னதையே அதுவும் சொன்னது. டாக்டர் நேரில் வந்து பார்த்துவிட்டு, "நானே பேசறாப்பல இருக்குதுங்க" என்றார். அன்று நானும் என் கணவரும் நாமக்கல் கடைவீதியில் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அப்படிச் செய்ததில்லை.

திருச்செங்கோட்டு ரோட்டில் ஒரு பண்ணை. பண்ணைக்காரர் எங்களை அவராகவே வரச்சொல்லியிருந்தார். நாங்கள் போனபோது பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், முட்டை வியாபாரி என்று பத்துப் பேர் பெட்டியைப் பார்க்கக் கூடியிருந்தார்கள். கரண்ட் போகவில்லை. கேசட் ஒரே தடவையில் ஏறியது. நான் கேள்விகளைப் படித்தேன். அவர் தயங்காமல் பதில் சொன்னார். ஒரு 'கொஞ்சம்'கூட இல்லை.

"இந்த வாரம் கோழி செத்துச்சுங்களா?"

"இல்லீங்க."

'நோய் இல்லை' என்று திரையில் வந்தது. நான் சத்தமாகப் படித்தேன். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மோர் கொடுத்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க நான் ரொம்ப முயன்றதாகவும் நினைவில்லை. வேன் கிளம்பிய பிறகும் என் கணவர் அந்த ஷெட்டையே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் காலை அந்தப் பண்ணைக்காரர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"பாதி ஷெட்டு போச்சுங்க அம்மணி. பொட்டி நோயில்லேன்னு சொல்லுச்சுங்களே."

நான் உள்ளே போய்க் கேள்வி நோட்டை எடுத்துவந்தேன். "கோழி செத்துச்சான்னு கேட்டமுங்க. நீங்க இல்லேன்னீங்க."

"முட்டை யாவாரி பக்கத்துல நிக்கறப்ப வேற என்னன்னுங்க சொல்றது?"

பெட்டி மேல் தப்பில்லை என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. நோட்டை மூடினேன். அப்போது என் கணவர் சொன்னார்.

"எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை, வந்தவரைத்தான் பார்த்தார். "ஷெட்டுக்குப் பின்னால குழி வெட்டிப் புதுசா மூடியிருந்துது. வாசமும் வந்துது."

"பின்ன ஏனுங்க சொல்லலை?" என்றேன்.

"பொட்டியே சொல்லட்டும்னு இருந்துட்டேன்."

வந்தவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மாற்றிப் போட்ட பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டார். என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு, தடுப்பு மருந்துப் பெட்டியோடு அவர் வண்டியிலேயே ஏறிப் போனார். ஐந்து நாள் அந்தப் பண்ணையிலேயே கிடந்து, நோய் தொடாத ஷெட்டைத் தனியாக ஒதுக்கி, மிச்சக் கோழிகளுக்கு ஊசி போட்டார். முக்கால்வாசி பிழைத்தன. திரும்பி வந்தவர் குளித்துவிட்டு, மாற்றுத் துணி உடுத்தி உட்கார்ந்து, "வேலை பண்றப்ப நான் வாயத் தொறந்து சொல்லியிருப்பேன் அம்மணி. மொதலாளி ஆனதும் வாய் வரலை" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. அன்று மோரை ருசித்துக் குடித்தது நானும்தான் என்பதால் அதை வெளியே காட்ட முடியவில்லை.

நான் எனக்குத் தெரிந்த வழியில் பரிகாரம் தேடினேன். 'ஷெட்டுக்குப் பின்னால் புதிதாகக் குழி வெட்டினீர்களா?' என்று ஒரு கேள்வி சேர்த்தேன்.

"அதுக்கும் இல்லேம்பாங்க" என்றார் என் கணவர்.

அவர் சொன்னது சரிதான். அந்தப் பண்ணைக்காரரே அடுத்த மாதம் வந்து ஒன்று கேட்டார். "பொட்டி வேண்டாமுங்க. அந்தக் கேள்வியெல்லாம் ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்க. நானு தனியா உக்காந்து பாத்துக்கறேன்."

பதினோரு மாதம் எழுதிய புரோகிராமை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அட்டையில் வரைந்தேன். கேள்வி, ஆமாம் என்றால் இந்த அம்புக்குறி, இல்லை என்றால் அந்த அம்புக்குறி, கடைசியில் நோயின் பெயர். அடியில் 'உடனே டாக்டரைக் கூப்பிடவும்' என்று பெரிய எழுத்தில் என் கணவர் சேர்க்கச் சொன்னார். திருச்செங்கோட்டில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் கொடுத்தோம். அவர்கள் பழக்கத்தில் மேலே பிள்ளையார் சுழியும் நாலு மூலையில் மஞ்சள் பூவும் போட்டுவிட்டார்கள். நாங்கள் மாற்றச் சொல்லவில்லை.

அட்டை நன்றாகப் போனது. அட்டைக்குக் கரண்ட் வேண்டாம், டி.வி. வேண்டாம், நான் வேண்டாம். பக்கத்தில் யாரும் இல்லாததால் ஆட்கள் அதனிடம் உண்மையும் சொன்னார்கள். தீவனக் கடைகளில் மூட்டைக்கு ஒன்று கொடுத்தார்கள். எங்கள் கம்பெனி, புத்தியுள்ள பெட்டி செய்யும் கம்பெனியாகத் தொடங்கி, ஒன்றரை வருஷத்தில் அட்டை அடிக்கும் கம்பெனியாக முடிந்தது. கம்ப்யூட்டரைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். என் கணவர் தீவன வியாபாரத்தில் இறங்கினார்.

கொஞ்ச நாள் கழித்து ஆட்டையாம்பட்டிப் பக்கமிருந்து ஒருவர் வீடு தேடி வந்தார். எங்கள் அட்டையைப் பார்த்துத் தானே நோயைக் கண்டுபிடித்து, நேரத்துக்கு டாக்டரைக் கூப்பிட்டு, ஆயிரம் கோழிகளைக் காப்பாற்றிவிட்டாராம். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். அட்டையில் பென்சிலால் வழி குறித்திருந்தார். என் கணவர் அதை வாங்கி, விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாகப் பார்த்தார்.

"இங்க நீங்க அம்புக்குறியில எடவலம் மாறிப் போயிட்டீங்க. அப்பறம் இன்னொரு எடத்துல மறுபடி மாறி, சரியான நோய்க்கு வந்துட்டீங்க" என்றார்.

வந்தவர் குனிந்து பார்த்தார். பிறகு அட்டையை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"கோழி பொழைச்சிருச்சுங்களே" என்றார்.

ஆமாங்க என்று சொல்லி, நான் காபி போட உள்ளே போனேன்.