வெளிறிய மூலை
வெப்பம் காட்டும் கேமராவின் திரையில் மஞ்சள் சீராகப் பரவியிருக்க, ஒரு மூலை மட்டும் சற்றே வெளிறியிருந்த அந்தக் காலைதான் மேடத்தை நினைத்தால் முதலில் வருகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி செயற்கைக்கோள்களுக்கு ஹீட்டர் செய்துவந்தது. பூமியின் நிழலுக்குள் போகும்போது பேட்டரி உறைந்துவிடாமல் சூடு கொடுப்பது அதன் வேலை. பழைய ஹீட்டர்களில் உலோகக் கம்பி எங்காவது அறுந்தால் எல்லாம் போயிற்று. எங்கள் ஹீட்டரோ கார்பன் நானோ குழாய்களால் ஆன ஒரு கறுப்புத் தாள்; அதில் ஓட்டை விழுந்தாலும் மின்சாரம் சுற்றிக்கொண்டு போய்விடும்.

மேனாம்பேட்டில் பிறந்து வளர்ந்த மேடம்தான் சோதனைப் பிரிவுக்குத் தலைவர். நான் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தேன். அன்று தாளைப் பேட்டரியில் ஒட்டியாகிவிட்டது. எடுத்துப்போக வண்டியும் வாசலில் நின்றது. அந்த வெளிறிய மூலை உட்பட, சூட்டின் அளவுகள் எல்லாம் வரம்புக்குள்தான் இருந்தன. மேடம் மட்டும் திரைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். அனுப்பத் தாமதமானால் அடுத்த ஆர்டர் கிடைக்காது என்று முதலாளி எச்சரித்தார்.

"அளவு சரியாத்தான் கீது சார். எனக்குத்தான் மனசு ஒப்ப மாட்டேங்குது. மேல போய்ட்டா யாரு ஏறிப் பாக்கறது? பிரிச்சிடலாம்."

பிரித்தால் தாள் கிழியும், திரும்ப ஒட்ட முடியாது. தெரிந்தேதான் பிரித்தார். நுண்ணோக்கியில் நாங்கள் மாறி மாறிப் பார்த்தோம். பசையில் குமிழி இல்லை, தாளில் விரிசலும் இல்லை. ஒரு குறையும் அகப்படவில்லை. வேறு தாள் ஒட்டித் தாமதமாக அனுப்பினோம். முதலாளி சொன்னபடியே அடுத்த ஆர்டர் வேறிடம் போயிற்று. மேடத்தை ஸ்டோருக்கு மாற்றினார்கள். சில மாதங்களில் அவரே வேலையை விட்டுவிட்டார்.

போன வாரம் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். இப்போது நான்தான் அவருடைய இடத்தில் இருக்கிறேன் என்று தயங்கியபடி சொன்னேன். தலையசைத்தார். பிரித்ததற்காக வருத்தப்பட்டதுண்டா என்று கேட்டேன்.

"பிரிச்சதுக்கு இல்ல. அந்த மூலை ஏன் அப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னிக்கும் தெரியலியே, அதான்."

ரயில் வந்தது. ஏறப்போனவர் திரும்பி, "அது மேல நல்லாக் கீதா?" என்றார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன். அவர் முகத்தில் நிம்மதியைத் தேடினேன். கதவோரம் நின்றபடி, ரயில் நகர்ந்த பிறகும், அவர் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.