மேயர் பெயரில் நின்ற கிங்கோ

எங்கள் ஊர் ஆற்றோரப் பூங்காவின் தெற்கு வாசலில், விசிறி மாதிரி இலையுள்ள ஒரு கிங்கோ மரம் நிற்கிறது. அடியில் உள்ள கருங்கல்லில், '1986 ஏப்ரல் 5, மரம் நடும் நாள், மேயர் குக் சங்-மோ நட்டது' என்று வெட்டியிருக்கிறார்கள். தேதி சரி. மேயர் வந்ததும் சரி. மிச்சமெல்லாம் பொய். அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. முப்பத்திரண்டு வருஷம் அந்தப் பூங்காவின் தண்ணீர் லாரியை ஓட்டியவன் நான். ஆனால் இது என் கதை இல்லை, தாக் பொங்-நே அக்காவின் கதை.

அக்கா 1982இல் பூங்காவில் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அதற்கு முந்தின வருஷம் அவருடைய கணவர் சவூதியில் சாலை போடும் வேலையில் லாரி கவிழ்ந்து இறந்துபோயிருந்தார். பிள்ளை குட்டி கிடையாது. அழுது வடிகிற ஆளில்லை அக்கா. வாய் கொஞ்சம் நீளம். மேலதிகாரி என்றாலும் மனதில் பட்டதைச் சொல்லிவிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்பார்.

அந்த 1986 விழாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். முந்தின நாளே நாங்கள் குழி வெட்டி, கன்றை நிறுத்தி, முக்கால்வாசி மூடிவிட்டோம். மேயர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு மூன்று மண்வெட்டி மண் போட்டிருந்தால் அளவு சரியாக இருந்திருக்கும். ஆனால் மேயருக்குப் பின்னால் போலீஸ் அதிகாரி, அவருக்குப் பின்னால் வங்கி மேலாளர், பிறகு தலைமையாசிரியர்கள், தீயணைப்பு அதிகாரி என்று பதவி வரிசையில் பதினான்கு பேர். ஆளுக்கு மூன்று மண்வெட்டி. யாரையும் விட முடியாது, யாரும் குறைத்துப் போட மாட்டார்கள். கடைசி ஆள் மண்வெட்டியைக் கீழே வைத்தபோது மண் என் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது.

எல்லாரும் போன பிறகு அக்கா எங்கள் பிரிவுத் தலைவர் மோ என்பவரிடம் போனார்.

"சார், கன்னைக் கழுத்து வரைக்கும் புதைச்சிட்டாங்க. வேருக்கு மூச்சு முட்டும். ஒரு முழம் மண்ணை வாரிட்டா பிழைச்சிக்கும்."

"யாரு போட்ட மண்ணை வாரச் சொல்றே? மேயர் போட்டதையா, போலீஸ் அதிகாரி போட்டதையா?"

"எல்லாம் ஒரே மண்ணுதானே சார்."

"உனக்கு ஒரே மண்ணு. எனக்குப் பதினாலு பேரு."

பெரியவர்கள் கை வைத்ததை நாம் தொட்டுத் திருத்தக் கூடாது. அது எங்கள் ரத்தத்தில் ஊறிய மரியாதை. அந்த மரியாதை ஆகஸ்டுக்குள் கன்றைக் கொன்றுவிட்டது. இலை சுருங்கி, பழுக்காமலே உதிர்ந்தது. அக்கா நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். பச்சையே இல்லை.

குளிர்காலத்தில் எந்த மரமும் மொட்டைதான், அதனால் மார்ச் வரை மோ நிம்மதியாகத் தூங்கினார். பிறகு மேயர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஏப்ரல் ஐந்தாம் தேதி மேயர் வருகிறார், பத்திரிகைக்காரரோடு. இனி வருஷா வருஷம் வருவாராம். புது மரம் வாங்கினால் கடிதம் எழுத வேண்டும், எழுதினால் மரம் செத்தது தெரிந்துவிடும். மோவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அக்கா சாவகாசமாக வந்து நின்றார்.

"என் வீட்டுல ஒண்ணு நிக்குது சார். கிங்கோதான், இதே உயரம். சும்மாவே தரேன். ஆனா ஒண்ணு, அதை நான்தான் நடுவேன். மேயரே வந்தாலும் மண்வெட்டி எடுக்கக் கூடாது."

மோ தலையாட்டினார். வேறு வழி?

நல்ல மழை நாளாகப் பார்த்து, பூங்காவில் ஈ காக்கை இல்லாத மத்தியானத்தில், நானும் அக்காவும் என் லாரியில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் போனோம். மண்ணோடு சேர்ந்த வேர்ப்பந்தை வைக்கோல் கயிற்றால் சுற்றி இறுக்கி, தயாராக வைத்திருந்தார். இரண்டு பேருமாகத் தூக்கி ஏற்றினோம். வழியில்தான் விஷயத்தைச் சொன்னார். சவூதிக்குக் கிளம்பும் முன்னால் கணவர் முற்றத்தில் வைத்துவிட்டுப் போன கன்று அது. இப்போது சாலையை அகலப்படுத்த அந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள்.

"அக்கா, மேயர் பேருல இல்ல நிக்கப் போகுது," என்றேன்.

"நிக்கட்டும் தம்பி. எங்க வீட்டுக்காரர் மரம்னா புல்டோசர் ஏத்திருவாங்க. மேயர் மரத்து மேல எவன் ஏத்துவான்?"

கெட்டிக்காரி. எனக்குச் சிரிப்பு வந்தது.

செத்த கன்றைப் பிடுங்கி, பதினான்கு பேர் போட்ட மண்ணையும் வாரி எறிந்துவிட்டு, அக்கா நட்டார். வேரும் தண்டும் சேருமிடம் மண்ணுக்கு மேல் தெரிய, ஒரு விரல் கூடாமல், குறையாமல். மேயர் ஏப்ரலில் வந்து மொட்டைத் தொட்டுப் பார்த்துப் பூரித்துப்போனார். பதவி போன பிறகும், 2009இல் இறக்கும் வரைக்கும், ஒரு வருஷம் தவறாமல் வந்தார். பிரிவுத் தலைவர் மோவும் ஓய்வுபெற்று, போய்ச் சேர்ந்தார். அக்கா இருபத்தெட்டு வருஷம் அந்த இடத்தைப் பெருக்கினார். அக்கா வேலைக்கு வராத நாளில் அந்த மரத்தடி மட்டும் குப்பையாகக் கிடக்கும், நாங்கள் தொட மாட்டோம், தொட்டால் திட்டு விழும்.

கிங்கோவில் ஆணா பெண்ணா என்பது காய்க்கும்போதுதான் தெரியும். 2004 இலையுதிர் காலத்தில் இது காய்த்தது. பழம் விழுந்து நசுங்கினால் அதன் நாற்றத்தை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செருப்பில் ஒட்டினால் அன்றைக்கு பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அக்காவுக்கோ பெருமை தாங்கவில்லை. ரப்பர் கையுறையோடு பொறுக்கி, கழுவி, கொட்டையை வறுத்து எனக்கும் கொடுத்தார். "வச்சவரு ஆம்பளைன்னு நெனச்சுத்தான் வச்சாரு. இது பொம்பளையா நின்னுச்சு, பாரு," என்றார்.

எதிரே அடுக்குமாடி வந்ததும் புகார் ஆரம்பித்தது. பெண் கிங்கோக்களை எடுத்துவிட்டு ஆண் மரம் வைப்பது என்று நகராட்சி முடிவு செய்தது. நினைவு மரங்களுக்கு விலக்கு, அதற்கென்று உள்ள குழு சொன்னால்தான் கை வைக்கலாம். அதனால் எங்களுக்குக் கவலையில்லை என்று இருந்தோம். 2016 அக்டோபரில் மேயரின் மகன் குக் யோங்-ஜே, பல் டாக்டர், அந்த மரத்தை எடுக்கச் சொல்லி மனு கொடுத்தார். செய்தி கேட்டதும் நான் அக்காவுக்குப் போன் செய்தேன். மரத்தடியில் விசாரணை நடந்த அன்று, ஓய்வுபெற்று ஆறு வருஷமான அக்கா, எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்.

நகராட்சியிலிருந்து பியோன் என்ற இளம் பெண் அதிகாரி வந்திருந்தாள். டாக்டர் மூக்கில் கைக்குட்டையோடு பேசினார்.

"எங்கப்பா சுத்தத்துக்குப் பேர் போனவர். இப்ப ஸ்கூல் பசங்க மூக்கைப் பிடிச்சிக்கிட்டு, மேயர் குசு, மேயர் குசுன்னு சொல்லிட்டுப் போறாங்க. இந்த மரத்தை எடுத்துடுங்க. ஆண் மரம் வைங்க. கல்லு இருக்கட்டும்."

"கல்லை எடுங்க டாக்டர், மரத்தை விட்டுருங்க," என்றார் அக்கா.

"நீங்க யாரும்மா?"

அக்கா என்னைப் பார்த்தார். ஓய்வுபெற எனக்கு ஒரு வருஷம்தான் இருந்தது, விஷயம் வெளியே வந்தால் என் வேலைக்கும் ஆபத்து. அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், பதினான்கு பேர் போட்ட மண் முதல் வைக்கோல் கயிறு வரை. "லாரியில ஏத்தினது நான்தான்," என்று நானும் சொல்லிவைத்தேன். கல்லை எடுத்தால் போதும், டாக்டருக்கும் மானம் பிழைக்கும், மரமும் பிழைக்கும் என்று அக்கா கணக்குப் போட்டிருந்தார்.

பியோன் கெட்டவள் இல்லை, விதியைப் படித்தவள். "அப்ப சுலபம்," என்றாள். "நினைவு மரம்னாதான் குழுவுக்குப் போகணும். இது வெறும் பெண் கிங்கோதானே, நவம்பர்ல வெட்டுற பட்டியல்ல சேர்த்துடலாம்."

அக்கா அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் காப்பாற்றிய மரத்தைத் தன் வாயாலேயே கொடுத்துவிட்டார்.

டாக்டர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "அப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. வருஷா வருஷம் வந்து தட்டிக் கொடுப்பாரு. நான் செஞ்சதுல உருப்பட்டது இது ஒண்ணுதான்னு சொல்வாரு. நான் தலையாட்டுவேன். அதுக்கு மட்டும் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்குறேன்."

டாக்டர் மரத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதிகாரியிடம் திரும்பினார். "மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன். இது எங்கப்பா நட்ட மரம்தான். இந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு, ஏதோ ஞாபகப் பிசகு."

பியோன் அக்காவைப் பார்த்தாள். எவனுக்கும் பணியாத அந்த வாய் என்ன சொல்லும் என்று எனக்கே தெரியவில்லை.

"ஆமாம்மா," என்றார் அக்கா. "ஞாபகப் பிசகுதான்."

"எனக்கும்," என்றேன்.

அவள் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பழம் கீழே விழாமல் கிளைகளுக்கு அடியில் வலை கட்டச் சொல்கிறேன் என்று எழுதிக்கொண்டு போனாள்.

அடுத்த ஏப்ரல் ஐந்தாம் தேதி டாக்டர் ஒரு குடுவை அரிசிக் கள்ளோடு வந்தார். வயதான மரங்களுக்கு வேரில் கள் ஊற்றுவது எங்கள் வழக்கம். கல்லின் பின்பக்கம், யாருக்கும் தெரியாத மாதிரி, அக்காவின் கணவர் பெயரைப் பொறிக்கட்டுமா என்று கேட்டார்.

"வேணாம் டாக்டர். பேரு வந்தா பட்டியலும் வந்துரும். உங்கப்பா பேருலயே இருக்கட்டும்."

டாக்டர் முதல் கிண்ணத்தைத் தன் அப்பாவை நினைத்து ஊற்றினார். இரண்டாவதை நிரப்பி, இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார். அக்கா வேரடியில் குனிந்தார். இத்தனை வருஷத்தில் அவர் தன் கணவரை வாய்விட்டுக் கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஏங்க," என்றார். "இந்தாங்க, குடிங்க."