ஆயுத பூஜைக்கு எடுத்த பேக்கப்

கடை லெப்டொப் போன வாரம் படுத்துவிட்டது. புது ஹார்ட் டிஸ்க் போட்டு, என்னிடமிருந்த பேக்கப்பை அதில் ஏற்றித் தரும்படி பதுளை டவுனில் ரிப்பேர் செய்யும் ரமேஷிடம் கொடுத்திருந்தேன். இன்று எடுக்கப் போனேன்.

"எல்லாம் அப்படியே வந்திருச்சுண்ணே," என்றார்.

திறந்து பார்த்தேன். சரக்கு விலை, பழைய பில் எல்லாம் இருந்தன. தை மாதம் நடந்த அக்கா மகள் கல்யாணப் படங்கள் ஒன்றுகூட இல்லை. அவரிடம் சொன்னேன்.

"பேக்கப் எப்ப எடுத்தீங்க?"

"ஆயுத பூஜைக்கு. வருசா வருசம் அன்னைக்குத்தான். தொடச்சு, பொட்டு வச்சு, அப்படியே பேக்கப்பும் எடுத்திருவேன்."

அவர் சிரிக்கவில்லை. "பூஜை வருசத்துக்கு ஒருக்கா போதும்ணே. பேக்கப்புக்குப் பத்தாது."

பழைய டிஸ்க்கிலிருந்து இனி எதுவும் எடுக்க முடியாதாம்.

ஸ்பிரிங்வெளி தோட்டத்தில் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு, "வீண் செலவு எதுக்குக்கா, நானே எடுக்கிறேன்" என்று போட்டோக்காரரை வேண்டாம் என்றவன் நான். போனில் இடமில்லை என்று படங்களை லெப்டொப்பில் போட்டுவிட்டு, போனில் அழித்தவனும் நானே.

திரும்பும்போது பஸ்ஸில் அக்காவின் அழைப்பு. "தம்பி, புள்ள கேட்டுக்கிட்டே இருக்கா. ஆல்பம் எப்பப்பா போட்டுத் தருவ?"

"லெப்டொப் ரிப்பேர்ல இருக்குக்கா," என்றேன். அது என் மடியில் இருந்தது.

அந்த லெப்டொப்பைப் பொறுத்தவரை அக்கா மகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

இதைப் படிக்கும் சொந்தக்காரர்களே, கல்யாணத்தன்று, "நான்தான் எடுக்கிறேனே, மறைக்காம தள்ளி நில்லுங்க" என்று உங்களில் பலரை விரட்டினேன். என் பேச்சைக் கேட்காமல் யாராவது ஒளிந்து நின்று எடுத்திருந்தால், தயவுசெய்து அனுப்புங்கள். இந்த முறை திட்டமாட்டேன்.