பிரியாணி இல்லாத அறுப்பின் பண்டிகை

எங்கள் சபையில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை நடக்கும். அறுப்பதற்கு எங்களில் ஒருவரிடமும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. மாமனார் காலத்தில் அடுத்தவர் வயலில் இறங்கி அறுத்தார்கள். இப்போது நாங்கள் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஷிப்டுக்குப் போகிறோம். அதற்காகப் பண்டிகையை விட்டுவிட முடியுமா? முதல் பலன் என்று கர்த்தருக்கு எதையாவது கொண்டுபோய் வைத்துத்தான் ஆக வேண்டும். ஒருவர் மார்க்கெட்டில் பூசணிக்காய் வாங்கி வருவார், ஒருவர் கரும்புக்கட்டு, ஒருவர் சேவல். ஒரு வருஷம் நான் கம்பெனியில் ஆயுத பூஜைக்குக் கொடுத்த ஸ்வீட் பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோய் வைத்தேன். மேலே சரஸ்வதி படம் அச்சடித்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பாஸ்டர் ஐயா கவனித்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஜெபம் பண்ணினார்.

ஆராதனை முடிந்ததும் அந்தக் காணிக்கைப் பொருள்களுக்கு ஏலம், ஏலம் முடிந்ததும் விருந்து. விருந்துக்கு டோக்கன் அடித்து ஊரெல்லாம் விற்போம். சபைக்காரர்கள் மட்டுமில்லை, அக்கம்பக்கத்து இந்து வீடுகள், கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லோருமே வாங்குவார்கள். எங்கள் மட்டன் பிரியாணிக்கு மீஞ்சூர் வரைக்கும் பேர் உண்டு. விருந்தில் சேர்வது முழுக்க அந்த வருஷம் கஷ்டத்தில் இருக்கிற ஒரு குடும்பத்துக்குப் போகும். நானும் பல வருஷமாக டோக்கன் கட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக அலைந்தவள்தான். "இன்னிக்கு யாருக்கோ, நாளிக்கு நமக்கும் வரலாம், வாங்கிக்கோக்கா" என்று சொல்லித்தான் விற்பேன். வாய் முகூர்த்தம் என்பார்களே, அது பலித்தது. போன வருஷம் அந்தக் குடும்பம் நாங்கள்தான்.

மாசி மாதம் என் வீட்டுக்காரரின் வலது கை பிரஸ் மிஷினில் மாட்டிக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. சென்னை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக மின்சார ரயிலில் அலைந்த அலைச்சலை எழுதினால் அதுவே ஒரு புத்தகமாகும், அது வேண்டாம். இன்னொரு ஆபரேஷன் செய்தால் கட்டைவிரலோடு சேர்த்து எதையாவது பிடிக்கிற மாதிரி கையைக் கொண்டுவரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குத்தான் அந்த வருஷத்து விருந்து.

ஆனால் எனக்கு இருந்த கவலை வேறு. மனுஷன் சாப்பிடுவதை விட்டுவிட்டார். கிறிஸ்தவராக இருந்தாலும் சபையில் அவருக்குப் பேரே சாப்பாட்டு ராமன்தான். பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கும் கூட இரண்டு பிடி இறங்கும், அப்படி ரசித்துச் சாப்பிடுவார். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, பக்கத்து இலைக்காரரைக் கிண்டல் பண்ணிக்கொண்டே சாப்பிடுவார். அப்பேர்ப்பட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து தட்டையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு தட்டு சோறு, அவ்வளவுதான். கல்யாணம், காது குத்து எதற்கும் நானும் கூப்பிடுவதில்லை, அவரும் வருவதில்லை. சட்டை எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. பசி எடுக்க டானிக் வாங்கி ஊற்றினேன். யார் கேட்டாலும், "இடது கையால சாப்பிடறதுக்கு வெக்கப்படறாரு, பாவம்" என்று சொல்லிச் சொல்லி அழுவேன். கை வந்தாலும் வராவிட்டாலும் போகட்டும், அந்தக் கதவு திறந்தால் போதும், மனுஷன் பழையபடி நாலு பேரோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டால் போதும் என்று இருந்தது எனக்கு.

விருந்துக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருக்காக விருந்தோ அந்தக் குடும்பம் முதல் பந்தியில் பாஸ்டர் ஐயாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். பத்து வருஷமாக அந்த வழக்கத்தை அருமையான வழக்கம் என்று நினைத்திருந்தேன். நமக்கென்று வந்த பிறகுதான் அது எவ்வளவு சங்கடமான வழக்கம் என்று தெரிந்தது. இருந்தாலும் மனதுக்குள் ஒரு தைரியம். பிரியாணியைப் பேப்பர் தட்டில் வைத்துப் பிளாஸ்டிக் ஸ்பூன் செருகித்தான் கொடுப்பார்கள். எல்லோரும் ஸ்பூனால் சாப்பிடும்போது இவரும் ஸ்பூனால் சாப்பிட்டுவிடுவார், ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. இப்படிக் கணக்குப் போட்டு நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் எதிர் வீட்டு அக்கா. அக்காவுக்குச் சோழவரம் பக்கம் கிராமம், சொந்த நெல் வயல் உண்டு, இந்துக் குடும்பம். வீட்டுக்காரர் வேலைக்காக எங்கள் தெருவுக்குக் குடி வந்தவர்கள். எனக்குக் கூடப்பிறந்தவள் இருந்திருந்தால்கூட அப்படி உதவியிருக்க மாட்டாள். டோக்கன் அடித்து வந்த அன்றே ஒரு கட்டைப் பிடுங்கிக்கொண்டு போய், கிராமத்தில் சொந்தக்காரர் தலையில் எல்லாம் கட்டிவிட்டு வந்தார். மூன்று நாள் கழித்துக் காலையில், தினசரிக் காலண்டரை ஆணியோடு பிடுங்கி எடுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாடி இது, தேதிய பாத்தியா? அன்னிக்கு புரட்டாசி கடைசி ஞாயித்துக்கெயம."

"அதுக்கு இன்னாக்கா?"

"அதுக்கு இன்னாவா? புரட்டாசில நாங்க யாரு கவிச்சி தொடுவோம்? டோக்கன் வாங்குனதுல முக்காவாசி எங்காளுங்க. உன் மூஞ்சிக்காக வாங்கிக்கினாங்க. வந்து வாசன புட்சிட்டு போவாங்களா?"

பக்கத்துச் சபைப் பண்டிகையோடு மோதாமல் பார்த்து, பள்ளிக்கூடப் பரீட்சை பார்த்து, மழை பார்த்து, கம்பெனி ஷிப்டு பார்த்துத் தேதி குறித்தவர்கள் தமிழ் மாதத்தைப் பார்க்கவில்லை. மற்ற வருஷங்களில் பண்டிகை தானாகவே ஐப்பசியில் விழுந்துகொண்டிருந்தது. நானும் டோக்கன் கொடுக்கும்போது நினைக்கவில்லை. வாங்கினவர்களும் முகத்துக்காக ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை கமிட்டி கூடியது. தேதியை மாற்றலாம் என்றால் பிஷப் வருவதாக இருந்தது. மெனுவைத்தான் மாற்ற வேண்டும். சபையின் மூத்த டீக்கன் ஒருவர், பிரியாணிக்கென்றே பிறந்தவர், எழுந்து நின்று, "பிரியாணி இல்லாம அறுப்பின் பண்டிகையா? அப்ப அது அறுவைப் பண்டிகை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்டர் ஐயா மட்டும் சிரிக்காமல், "விருந்துக்குக் கூப்பிட்டவங்க சாப்பிட முடியாத விருந்து எதுக்குங்க?" என்று கேட்டார். இலை போட்டு, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், கூட்டு, பொரியல், அப்பளம், வடை, பாயசம் என்று கல்யாணச் சாப்பாடாகவே போடுவது என்று முடிவானது. அரிசியும் காய்கறியும் தன் கிராமத்திலிருந்து வரும் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். பரிமாறவும் தானே வருவதாகச் சொன்னார்.

சபையே சந்தோஷப்பட்டது, எனக்கு மட்டும் பிடிக்கவில்லை. இலைச் சாப்பாடு! ரசத்தை யாராவது ஸ்பூனால் பிசைந்து சாப்பிடுவார்களா? முந்நூறு பேர் நடுவில், முதல் பந்தியில், பிஷப் முன்னால், இந்த மனுஷன் இடது கையை இலையில் வைக்க வேண்டும். அதுவும் நல்ல நாளில் இடது கையால் ஒரு பூவைக்கூட வாங்காத ஜனங்கள் முன்னால். உதவி செய்ய வந்த அக்கா மேலேயே எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவர் என்னவோ எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து, சுக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினார். குடித்தேன், கோபம் குறையவில்லை.

வீட்டில் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "நீ வர வேணாம்யா. உடம்பு முடியலன்னு சொல்லிக்கிறேன். கேரியர்ல வாங்கியாந்துடறேன்."

"ஏன், நான் வந்தா இன்னா?" என்றார்.

"இலைல போடறாங்க."

"இலைல போட்டா சாப்புடறேன்" என்றார். டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ஆச்சரியம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் புரட்டாசி என்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன் உருகியது. தகரப் பந்தலுக்குக் கீழே நீள மேசைகள் போட்டு, பேப்பர் விரித்து, இலை போட்டிருந்தார்கள். ஏலத்தில் ஒரே பூசணிக்காயை நாலு பேர் எடுத்து, நாலு பேரும் திரும்ப ஏலத்துக்கே கொடுத்தார்கள். எல்லாம் எங்களுக்காக என்று தெரியும்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சோழவரம் பக்கத்திலிருந்து அக்காவின் சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். நெற்றியில் நாமத்தோடு சர்ச் காம்பவுண்டுக்குள் நுழைந்தவர்களை டீக்கன்தான் ஓடிப்போய்க் கைகூப்பி வரவேற்றார்.

முதல் பந்தியில் உட்கார்ந்தோம். பிஷப், அவருக்குப் பக்கத்தில் பாஸ்டர் ஐயா, அடுத்து என் வீட்டுக்காரர், இந்தப் பக்கம் நான். எதிரில் டீக்கன். நான் கைப்பையில் ஒரு ஸ்பூனைப் பேப்பரில் சுற்றி எடுத்து வந்திருந்தேன். சாதம் விழுந்ததும் ஒருத்தருக்கும் தெரியாமல் அதை அவர் இலை ஓரத்தில் வைத்தேன்.

"சாம்பாருக்கு ஸ்பூனா? எட்து உள்ள வைடி" என்று சத்தமாகவே சொன்னார். பிறகு இடது கையால் சாம்பாரைப் பிசைய ஆரம்பித்தார்.

எனக்கு இலையில் என்ன விழுந்தது என்றே தெரியவில்லை. எதிரில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். யாராவது முகம் சுளிக்கிறார்களா, யாராவது யாரையாவது இடிக்கிறார்களா என்று தேடினேன். வடை வரவில்லை என்று ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். நாமம் போட்ட பெரியவர் ஒருவர் பாயசத்தை அப்பளத்தோடு நொறுக்கிக் குழைத்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் இலையில் சாம்பார் சாதத்தைத் தாண்டி ஓடியது, பழகாத கை. டீக்கன் எட்டிப் பார்த்து, "வரப்ப நல்லா ஒசத்திக் கட்டுப்பா, மட வுட்டுக்கிச்சு பாரு" என்றார். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஏழு மாசம் ஆகியிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மிளகாய் என்று சொல்லி முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

அக்கா சாதக் கூடையோடு வந்தார். "இன்னும் கொஞ்சம் வெக்கட்டா தம்பி?"

"வைக்கா."

வத்தக்குழம்புக்கு வாங்கினார். ரசத்துக்கு இரண்டு தடவை வாங்கினார். மோருக்கும் கையைக் குழித்துக் காட்டி வாங்கியபோது என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"ஊட்ல ஒரு தட்டுக்கு மேல ஒரு பருக்க தொட மாட்டாருக்கா. பசியே இல்லன்னு நான் டானிக்கு ஊத்திக்கினு கீறேன்."

அவர் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை, வெயில் அடிக்கிறது என்று சொல்வது மாதிரிதான் சொன்னார்.

"பசி இல்லன்னு யாருடி சொன்னது? பத்தலன்னா தட்ட தூக்கினு வெளிய வரணும். பீச்சாங்கையால துன்றத பசங்க பாக்கக் கூடாது, உள்ள போய் துன்னுன்னு நீதான சொன்ன. அப்பறம் எப்டி வர்றது?"

எங்கள் பக்கம் இடது கைக்கு அதுதான் பேர். கழுவுகிற கை என்று சேர்த்துத்தான் அதற்கு அர்த்தம். பிள்ளைகள் இடது கையால் எதைத் தொட்டாலும் நான் சொல்லிச் சொல்லிப் பழகின வார்த்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, கூடம் நிறையச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, முதல் கவளத்துக்கு அவர் இடது கையை எடுத்தபோது அந்த வார்த்தை என் வாயிலிருந்து விழுந்தது. அது எனக்கு அங்கே, அந்த இலைக்கு முன்னால்தான் நினைவு வந்தது. அன்றைக்குத் தட்டைக் கழுவி வைப்பதற்குள்ளேயே நான் அதை மறந்திருந்தேன். அவர் மறக்கவில்லை. நான் சொன்னபடி ஏழு மாசம் உள்ளே போய்ச் சாப்பிட்டார், பத்தாமல் போனபோது சும்மா இருந்தார். நான் ஊரெல்லாம் அவருக்கு வெட்கம் என்று சொல்லி அழுதேன். அந்தக் கதவைச் சாத்தினவள் நான்.

"தப்பு என்னுதுதான்யா" என்றேன். பாஸ்டர் ஐயா காதில் விழுந்ததா என்று தெரியாது, விழுந்தால் விழட்டும் என்றிருந்தது.

"அத வுடு. மோருக்கு இன்னும் கொஞ்சம் சோறு கெடைக்குமா பாரு."

அக்கா கூடையை எங்கள் மேசை மேலேயே வைத்துவிட்டு அப்பளம் எடுக்கப் போயிருந்தார். என் வலது கை முழுக்கச் சாம்பார், எச்சில். இடது கையால் கரண்டியை எடுத்து அவர் இலையில் சாதம் போட்டேன், அவர் போதும் என்கிற வரைக்கும் போட்டேன்.